எல்லாவற்றையும் அணைத்த பிறகும் ஓடிய மீட்டர்

மாசி மாதம், வெயில் இன்னும் ஏறாத நேரம். அருப்புக்கோட்டையில் நான் வேலை பார்க்கும் மருந்துக்கடையில், மாத்திரை அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது கைபேசியில் கரண்ட் பில் வந்தது. பார்த்துவிட்டு, வேறு யார் வீட்டு பில்லாவது தவறி வந்துவிட்டதோ என்று சர்வீஸ் நம்பரைச் சரிபார்த்தேன். எங்கள் வீட்டு நம்பர்தான்.

பில்லுக்குரிய அந்த இரண்டு பனி மாதங்களில் காலையில் எங்களுக்குப் போர்வை வேண்டியிருந்தது. ஃபேன் ஏதோ பேருக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. வீட்டில் நானும் என் கணவரும் மட்டும். அவர் நூற்பாலையில் ஷிப்டு வேலை. நான் காலையில் பஸ் ஏறினால் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் வீடு திரும்புவேன். இரண்டு பேரும் வீட்டில் விழித்திருக்கும் நேரமே குறைவு. அப்படியிருக்க, போன வருஷம் அக்னி நட்சத்திரத்தின்போது வந்த பில்லுக்குக் கொஞ்சம்தான் குறைவாக இது வந்திருந்தது.

சாதாரணமாக இருந்தால் புலம்பிவிட்டுக் கட்டியிருப்பேன். ஆனால் அந்த வருஷம் எங்கள் மகள் பிரசவத்துக்கு வருவதாக இருந்தாள். கோயம்புத்தூரில் வாழ்க்கைப்பட்டவள். பங்குனியில் வளைகாப்பு முடித்துக் கூட்டிவர வேண்டும். சித்திரை கடைசியில் பிள்ளை பிறக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எங்கள் பக்கத்துச் சித்திரை எப்படி இருக்கும் என்று திருச்சுழிப் பாதையில் ஒரு முறை மத்தியானம் பஸ்ஸுக்கு நின்றவர்களுக்குத் தெரியும். கருவேல மரத்தைத் தவிர எதுவும் நிழல் தராது, அந்த நிழலிலும் பாதி ஓட்டை.

"ஒரு ஏசிய வாங்கி மாட்டிருவோம். பச்சப்புள்ளைய இந்த வேக்காட்டுல போட முடியுமா?" என்றார் கணவர்.

"வாங்குறது சரி. ஓட்டுறதுக்கு?" என்று கேட்டு பில்லைக் காட்டினேன்.

அவர் கைபேசியைத் தூரமாகப் பிடித்துப் பார்த்தார். "அது எப்படி இம்புட்டு வரும்?"

அந்தக் கேள்விதான் என்னைப் பிடித்துக்கொண்டது. எனக்குச் சின்ன வயதிலிருந்தே அப்படி ஒரு குணம். மருந்து டப்பாவுக்குள் எட்டாக மடித்து வைத்திருக்கிற தாளை யாராவது படிப்பார்களா? கடையில் கூட்டம் இல்லாத நேரங்களில் நான் அதை விரித்து, பொடி எழுத்து முழுவதையும் படிப்பேன். புரியாது. ஆனாலும் படிப்பேன். இப்போது வீட்டுக்குள்ளேயே புரியாத ஒன்று கிடைத்தது. கரண்ட் எங்கேதான் போகிறது?

மீட்டரில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கும். அது எதற்கு என்று அதுவரை நான் நினைத்துப் பார்த்ததில்லை. தெருவில் அடுத்த வீட்டுக்கு ரீடிங் எடுக்க வந்தவரை நிறுத்திக் கேட்டேன்.

"கரண்டு ஓடுற வேகம்க்கா அது. நெறைய ஓடுனா வேகமா மினுக்கும். கம்மியா ஓடுனா மெதுவா."

"ஒண்ணுமே ஓடலைன்னா?"

"மினுக்காது. சும்மா இருக்கும்" என்று சொல்லிவிட்டு அவர் வண்டியை எடுத்தார்.

அன்றிலிருந்து மீட்டர்ப் பெட்டிதான் எனக்கு டிவி. வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்பேன். மிக்ஸி ஓடும்போது படபடவென்று அடித்துக்கொள்ளும். அயர்ன் பாக்ஸைப் போட்டால் மினுக்குவதே தெரியாமல் ஒரே சிவப்பாக நிற்கும். நிறுத்தினால் ஆசுவாசமாகும். எதைப் போட்டால் எவ்வளவு வேகம் என்று எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகியது. கணவர் இஸ்திரி போட்ட சட்டைதான் வேண்டும் என்கிறவர். வாசலிலிருந்து நான், "இங்க வந்து பாருங்க, ஒங்க சட்ட திங்கிறத!" என்று கூப்பிட்டேன். வந்து பார்த்தார். அன்றைக்கு மட்டும் சுருக்கத்தோடு போட்டுக்கொண்டு போனார்.

மறு வாரம் எனக்கு லீவு கிடைத்த நாளில் ஒரு சோதனை செய்து பார்ப்பதென்று தீர்மானித்தேன். அவர் நைட் ஷிப்டு முடித்து வந்து தூங்கிக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டே வந்தேன். டிவி, அதோடு இருக்கிற பெட்டி, கைபேசி சார்ஜர். சமையலறையில் ஃபிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கினேன். எல்லாம் முடிந்து வாசலுக்கு வந்தால் மினுக்கிக்கொண்டுதான் இருந்தது. அவர் தலைக்கு மேல் ஃபேன் ஓடுகிறதல்லவா, அதுவாக இருக்கும் என்று நினைத்தேன். நினைத்தால் போதுமா, பார்த்துவிட வேண்டாமா? மெதுவாகப் போய் ஃபேனையும் நிறுத்தினேன். வாசலுக்கு ஓடிவந்து பார்த்தேன்.

ஒரே ஒரு ஃபேன் குறைந்த அளவுக்குத்தான் வேகம் குறைந்திருந்தது. மற்றபடி மினுக்கு நிற்கவில்லை. வீட்டில் ஒன்றுமே ஓடவில்லை, மீட்டர் ஓடுகிறது.

"ஏ, கரண்டு போயிருச்சா?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அவர் வேர்வையைத் துடைத்துக்கொண்டு வந்தார். விஷயத்தைச் சொன்னேன். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் மீட்டரையே பார்த்தார்.

"மீட்டரு கோளாறா இருக்கும்."

"கோளாறுன்னா எல்லாத்துக்கும் சரியா வேகம் மாறுமா? அயர்ன் பாக்ஸுக்கு ஒரு மாதிரி, ஃபேனுக்கு ஒரு மாதிரி?"

அவருக்குத் தூக்கம் போய்விட்டது. கதவுக்குப் பின்னால் சுவிட்சுப் பெட்டியில் கரண்டை நிறுத்துவதற்கு மூன்று ட்ரிப்பர்கள் இருக்கின்றன. வீட்டின் மூன்று பகுதிகளுக்கு மூன்று. முதலாவதை இறக்கினார். நான் வாசலிலிருந்து, "மினுக்குது" என்றேன். இரண்டாவது. "மினுக்குது." மூன்றாவது.

"நின்னுருச்சு!"

மூன்றாவது சமையலறைக்கும் பின்னறைக்கும் போவது. இரண்டு அறைகளிலும் எல்லாப் பிளக்குகளையும் நானே பிடுங்கியிருந்தேன். பின்னறைக்குப் போய் நின்றேன். அங்கே ஏதோ மாறியிருந்தது. என்னவென்று சட்டெனத் தெரியவில்லை. அறை வழக்கத்தைவிட அமைதியாக இருந்தது, அவ்வளவுதான்.

"இப்பப் போடுங்க" என்றேன். அவர் ட்ரிப்பரைத் தூக்கினார். எங்கோ 'டக்' என்று ஒரு சத்தம். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு 'ம்ம்ம்' என்று ஒரு முனகல் தொடங்கியது. பல வருஷமாக அந்த அறையில் நான் கேட்டுக்கொண்டிருக்கும் முனகல். எங்கள் ஃபிரிட்ஜ் சத்தம் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். எங்கள் ஃபிரிட்ஜின் வயர் இப்போது தரையில் கிடந்தது.

சுவரில் காதை வைத்தேன். சத்தம் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து வந்தது.

இந்தச் சுவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த வீடு என் கணவரும் அவருடைய அண்ணனும் சேர்ந்து கட்டியது. அவர்கள் அப்பா காலத்தில் பிறர் காட்டில் களை வெட்டியும் கொத்தமல்லி அறுத்தும் பிழைத்த குடும்பம். இவர் மில் வேலைக்குப் போய், அண்ணன் லோடு ஆட்டோ ஓட்டி, இரண்டு பேரும் மிச்சம் பிடித்து எழுப்பிய கான்கிரீட் வீடு. ஒரே வீட்டில் இரண்டு குடும்பமாக நன்றாகத்தான் இருந்தோம். பிறகு தண்ணீருக்காகக் கொல்லையில் போர் போட்டோம். எந்த இடத்தில் போடுவது என்பதில் அண்ணன் ஒரு மூலையைக் காட்டினார், தம்பி ஒரு மூலையைக் காட்டினார். அண்ணன் காட்டிய இடத்தில் இறக்கினார்கள். வெள்ளைப் புழுதிதான் வந்தது. "நான் அப்பவே சொன்னேன்" என்று தம்பி சொன்ன ஒரு வார்த்தை ஊர்க் கிணறு அளவுக்கு ஆழமாகப் போய்விட்டது. நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர் வந்தது. இருந்த மீட்டர் எங்கள் பக்கம் நின்றது; அவர்கள் புதிதாக ஒரு மீட்டர் வாங்கிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு பேச்சு இல்லை. மகள் கல்யாணத்துக்கு வந்தார்கள், மொய் எழுதினார்கள், சாப்பிட்டார்கள், போனார்கள். அவ்வளவுதான்.

சுவரில் காதை வைத்தபடியே கையைக் காட்டினேன். அவர் மறுபடி ட்ரிப்பரை இறக்கினார்.

முனகல் நின்றது. உடனே சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் குரல் தனக்குத்தானே பேசியது. "இந்தா, திரும்பியும் நின்னு போச்சுல்ல! என்ன பேயி புடிச்ச ஃபிரிட்ஜோ!"

என் ஓரகத்தி. கணவருடைய அண்ணன் மனைவி.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, போடச் சொல்லிச் சைகை காட்டினேன். 'டக்.' பிறகு முனகல்.

"ஓடுது! இந்தா ஓடுதுல்ல!" என்றாள் அங்கே.

அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை. சுவரைத் தட்டினேன். அந்தப் பக்கம் சத்தம் அப்படியே நின்றுவிட்டது. மறுபடி தட்டினேன். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்தும் பதிலுக்கு ஒரு தட்டு வந்தது.

"யாரு?" என்றாள், பயந்த குரலில்.

"நாந்தான்க்கா."

அத்தனை வருஷத்தில் முதல் வார்த்தை. அவளும் அதை உணர்ந்திருப்பாள்.

"என்னத்தா பண்ற அங்க?"

"ஒங்க ஃபிரிட்ஜ நிப்பாட்டி நிப்பாட்டிப் பாத்துக்கிட்டிருக்கேன்."

"ஒன் வீட்டுல இருந்துக்கிட்டு என் ஃபிரிட்ஜ எப்படி நிப்பாட்டுவ?"

"அதான்க்கா எனக்கும் தெரியல. கொல்லப் பக்கம் வாங்க."

கொல்லையில் இடுப்பளவு மதில்தான். அவள் கைகளில் மாவோடு வந்து நின்றாள். நான் சொல்லச் சொல்ல நம்பவில்லை. "இரு, நானே வந்து பாக்குறேன்" என்று சுற்றிக்கொண்டு தெரு வழியாக வந்து, எங்கள் வாசல்படி ஏறினாள். படியில் கால் வைக்குமுன் ஒரு கணம் தயங்கினாள். நான் கவனிக்காததுபோல் மீட்டரைக் காட்டினேன். பிறகு அவளை வீட்டுக்குத் திருப்பி அனுப்பி, ஃபிரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கச் சொன்னேன்.

"புடுங்கிட்டேன்!" என்று அங்கிருந்து கத்தினாள்.

"நின்னுருச்சுக்கா!" என்று இங்கிருந்து கத்தினேன்.

"மாட்டிட்டேன்!"

"மினுக்குது!"

எதிர் வீட்டுக்காரர்கள் கதவைத் திறந்து பார்த்தார்கள். பேச்சு வார்த்தை இல்லாத இரண்டு வீட்டுப் பெண்கள் பட்டப்பகலில் இப்படிக் கத்திக்கொண்டால் யார்தான் பார்க்க மாட்டார்கள்.

அவள் திரும்பி வந்து முக்காலியில் உட்கார்ந்தாள். வீடு ஒன்றாக இருந்த காலத்தில் அவர்கள் பின்னறையும் எங்கள் பின்னறையும் ஒரே நீள அறை. நடுவில் சுவர் எழுந்தபோது புது மீட்டருக்குப் புது வயர் இழுத்தவர், முன்பக்கத்து அறைகளை மாற்றிவிட்டு அந்த ஒரு பிளக்கை விட்டிருக்கிறார். சுவருக்குள் புதைந்த வயர். யார் கண்ணுக்கும் தெரியாது.

"எனக்கு இப்பத்தான் வெளங்குது" என்றாள் ஓரகத்தி. "ஃபிரிட்ஜு வாங்குன பெறகும் எங்களுக்கு பில்லு கூடவே இல்ல. நல்ல ஃபிரிட்ஜு, கரண்டே திங்காதுன்னு நெனச்சிட்டேன். மல்லாங்கிணத்துல என் தங்கச்சிகிட்டச் சொல்லி அதே ஃபிரிட்ஜ வாங்க வச்சேன். அவ ஒவ்வொரு பில்லுக்கும் போன்ல என்னைய வையிறா!"

நான் சிரித்தேன். அவளும் சிரிக்க ஆரம்பித்து, நடுவில் நிறுத்திவிட்டாள். "ஒங்க பெரியப்பா வந்தா என்ன சொல்லப் போறாகளோ" என்றாள். எங்கள் மகள் அவரைப் பெரியப்பா என்று கூப்பிடுவதால், வீட்டில் எல்லோருக்குமே அவர் பெரியப்பாதான்.

அவர் வீரசோழன் ஊருக்கு லோடு இறக்கப் போயிருந்தார். சாயங்காலம் வந்து விஷயத்தைக் கேட்டவர், கை கால் கழுவக்கூட இல்லையாம். நேராகப் பின்னறைக்குப் போய் ஃபிரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கிப் போட்டுவிட்டார். "இனிமே இது ஓடக்கூடாது. நான் லோடு தூக்கிப் பொழைக்கிறவன். தம்பி வீட்டுக் கரண்டத் திருடித் தின்னான்னு ஊரு சொல்லணுமா?" என்று சத்தம் போட்டது சுவரைத் தாண்டி எனக்கே கேட்டது.

அவள் அந்த ஃபிரிட்ஜில் இட்லி மாவு ஆட்டி வைத்து, தெருவுக்கு விற்பவள். மறுநாள் காலையில் கொல்லை மதிலுக்கு வந்து, "மாவு பூராப் புளிச்சுப் பொங்கிருச்சுத்தா. சொன்னாக் கேக்க மாட்டேங்குறாக. வேற பிளக்குல மாத்தி ஓட்டலாம்னா அதுக்கும் வேணாங்குறாக. மொகத்தக் கூட நிமித்த மாட்டேங்குறாக" என்றாள்.

நான் என்னமோ ஒரு பொருளைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் இருந்தேன். அது இன்னொருவருக்குத் தலைகுனிவாகப் போகும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. என்ன செய்வதென்று தெரியாமல், ஷிப்டு முடிந்து வந்த கணவரிடம் வாசலிலேயே சொன்னேன். அவர் பைக்கை ஸ்டாண்டு போடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். தலையில் பஞ்சுத் தூசி அப்படியே இருந்தது. பிறகு பைக்கை என் கையில் கொடுத்துவிட்டு அண்ணன் வீட்டுப் படியேறினார். நான் பைக்கைப் பிடித்தபடியே நின்று கேட்டேன்.

"அண்ணே."

அவர் நிலைப்படியிலேயே நின்றார்.

"அண்ணே, அந்தப் பிளக்கப் போட்டது யாரு?"

"நாந்தான்" என்று பதில் வந்தது. "வீடு கட்டுறப்ப போட்டது. பெரிய ஃபிரிட்ஜா வாங்கி அங்க வைக்கணும்னு."

"சொவத்துல காடி வெட்டி வயரு இழுத்தது?"

"நீயும் நானுந்தான்."

"நாம போட்ட பிளக்கு, நாம இழுத்த வயரு. இதுல எவன் எவனுகிட்டத் திருடுனான்?"

அண்ணன் எதுவோ முணுமுணுத்தார். கேட்கவில்லை. கணவர் குரலை மாற்றி, "மதினி, மாவு புளிச்சுருச்சாம்ல? எனக்கு ரெண்டு தோசை சுடுங்க. ராத்திரி பூரா நின்னது, வயிறு காந்துது" என்றார்.

நான் பைக்கை ஓரமாக நிறுத்திவிட்டு வீட்டுக்குள் வந்துவிட்டேன். அண்ணன் தம்பி சாப்பிடுவதை நின்று பார்ப்பது சரியாகப் படவில்லை. தோசைக்கல்லில் சொய்யென்ற சத்தம் மட்டும் சுவர் வழியாக வந்தது. அவர் திரும்பி வந்தபோது, "என்ன பேசுனீக?" என்று கேட்டேன். "என்ன பேச? புளிப்பு ஜாஸ்தின்னு சொன்னேன். சக்கரை தொட்டுக்கன்னாரு" என்று சொல்லிவிட்டுப் படுத்தார்.

அன்று மதியமே எலக்ட்ரீசியன் வந்து அந்தப் பிளக்கை அவர்கள் மீட்டருக்கு மாற்றிக் கொடுத்தார். கடையிலிருந்து திரும்பியதும் நான் வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு வாசலில் போய்ப் பார்த்தேன். சிவப்பு விளக்கு சும்மா இருந்தது. ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றுமே நடக்காததைப் பார்ப்பதில் அவ்வளவு திருப்தி.

ஆனால் மகள் வரப்போகும் வேலை பாக்கி இருந்தது. பங்குனி பிறந்ததும் வெயில் ஏறியது. மத்தியானத்தில் கட்டிலின் மேல் நின்று கையைத் தூக்கினால் சீலிங்கிலிருந்து அடுப்பு வாய்போல் அனல் அடித்தது. ஃபேன் அந்த அனலைத்தான் கீழே தள்ளுகிறது. ஏசி மாட்டினாலும் அது முதலில் இந்தக் கூரையோடுதான் சண்டை போட வேண்டும். அப்படியென்றால் கூரையை முதலில் பார்க்க வேண்டும்.

மாடியில் சுண்ணாம்பு அடித்தால் சூடு இறங்காது என்று பலரும் சொல்லிக் கேட்டிருக்கிறேன். எவ்வளவு இறங்காது என்று யாரும் சொன்னதில்லை. ஒரு சட்டி சுண்ணாம்பைக் கரைத்து, மொட்டை மாடியில் ஒரு பாய் அளவுக்கு மட்டும் அடித்தேன். அது காய்ந்த பிறகு வந்த லீவு நாளில், வெயில் உச்சியில் இருக்கும்போது செருப்பைக் கழற்றிவிட்டு மேலே போனேன். வெறும் தளத்தில் நிற்க முடியவில்லை. குதித்துக் குதித்துப் போனேன். வெள்ளைப் பாயில் கால் வைத்தேன். சூடுதான். ஆனால் நிற்கிற சூடு. அங்கேயே நின்று, ஒரு காலை வெளியே வைத்துப் பார்ப்பதும் உள்ளே இழுப்பதுமாக இருந்தேன். நம்ப முடியாததால் திரும்பத் திரும்பச் செய்தேன்.

மொட்டை மாடியில் யாரும் சுவர் எழுப்பவில்லை. கீழே பிரித்தவர்கள் மேலே மறந்துவிட்டார்கள். அந்தக் கோடியில் வடகம் காயும் துணியை இழுத்துப் போட வந்திருந்த பெரியப்பா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெயிலில் ஒரு பெண்பிள்ளை ஒற்றைக் காலில் நின்றால் யாருக்கும் சந்தேகம் வரும். எனக்கு வெட்கமாகிவிட்டது. விறுவிறுவென்று இறங்கிவிட்டேன். படியில் நின்று எட்டிப் பார்த்தேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு அந்த வெள்ளைப் பாயில் ஏறி நின்றார். வெளியே ஒரு கால் வைத்தார். இழுத்துக்கொண்டார். மறுபடி வைத்தார்.

இரண்டு நாளில் அவருடைய லோடு ஆட்டோவில் சுண்ணாம்பு மூட்டையும், தென்னைமட்டைத் தூரிகைகளும், சுண்ணாம்பில் கலக்கும் பசை டப்பாவும் வந்து இறங்கின. எங்கள் வாசலில் நின்று, என்னைப் பார்க்காமல் தம்பியைப் பார்த்துச் சொன்னார்: "ஒங்க பாதிய மட்டும் அடிச்சா எங்க பாதிச் சூடு ஒங்க தலையில எறங்காதா? ஒரே தளந்தான அது? காலையில வெள்ளன ஏறிருவோம்."

விடிந்தும் விடியாமலும் இரண்டு பேரும் மேலே போனார்கள். நான் காப்பி கொண்டுபோனபோது சுண்ணாம்பு கரைப்பதில் தகராறு நடந்துகொண்டிருந்தது.

"ஏலே, தண்ணியக் கொற. இது சுண்ணாம்பா மோரா?"

"கெட்டியா அடிச்சா பேந்து வரும்ணே. ரெண்டு கோட்டிங் அடிக்கணும்."

"நீ சொன்னாச் சரியா?"

எனக்குப் போர் போட்ட நாள் ஞாபகம் வந்தது. ஆனால் அண்ணன் ஒரு முறை முறைத்துவிட்டு, "சரி, ஒன் பக்கம் நீ மோர் மாதிரி அடி. என் பக்கம் நான் கெட்டியா அடிக்கிறேன். எது நிக்குதுன்னு பாப்போம்" என்றார். மாடியில் இன்றைக்கும் அந்த வித்தியாசம் தெரியும். அண்ணன் பக்கம் ஆனி மாதமே செதில் செதிலாக எழும்பிவிட்டது. தம்பி அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாக்கு நுனி வரை வந்ததை முழுங்கினார் என்று எனக்குத் தெரியும்.

மகள் வந்தபோது அவளுடைய அறைச் சீலிங்கில் அந்த அடுப்பு அனல் இல்லை. அதற்காகக் குளுகுளுவென்று இருந்ததென்று சொல்ல முடியாது. ஏசி வாங்குவதா வேண்டாமா என்று கடைசி வரை பேசிவிட்டு, ஒரு ஏர் கூலர் வாங்கினோம். எங்கள் பக்கத்துக் காற்றில் ஈரமே கிடையாது. அதனால்தானோ என்னவோ, அந்தத் தண்ணீர்க் காற்று நன்றாகவே வேலை செய்தது. கரண்ட் கொஞ்சமாகத்தான் தின்றது, நான் மீட்டரில் பார்த்தேன். ஆனால் தண்ணீர்? மாடு குடிக்கிற மாதிரி குடித்தது. குடத்துக்கு அலைகிற ஊரில் அதற்குத் தனியாகக் குடம் ஊற்ற வேண்டியிருந்தது. ஒன்றை மிச்சம் பிடித்தால் இன்னொன்று செலவாகிறது. பாத்திரம் கழுவின தண்ணீரை ஊற்றிப் பார்க்கலாமா என்றுகூட யோசித்தேன். மகள், "அம்மா, புள்ளைக்குச் சாம்பார் வாசம் அடிக்கும்" என்று தடுத்துவிட்டாள்.

பேத்தி சித்திரைக் கடைசியில் பிறந்தாள். என் ஓரகத்தி வேளைக்கு வேளை வந்து குளிப்பாட்டிவிட்டாள். மத்தியானங்களில் பிள்ளை கூலருக்கு எதிர்ப்பக்கம் தூளியில் தூங்கும். "எப்படிம்மா இருக்கு?" என்று மகளைக் கேட்டேன்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா ஏசி மாதிரி இல்ல" என்றாள். உண்மையைச் சொல்லிவிட்டாள்.

பேத்தி பிறந்த பிறகு முதல் பில் வந்தது. பிள்ளைத்துணி துவைக்கிற வாஷிங் மெஷின், கூலர், ஆளுக்கு ஒரு ஃபேன் என்று எல்லாம் ஓடியும் மாசி பில்லைவிடக் குறைவாகத்தான் இருந்தது. கணவரிடம் காட்டினேன். "அடுத்த வருசம் ஏசி வாங்கலாம் போலயே" என்றார்.

அதே வாரம் ஓரகத்தி கையில் கைபேசியோடு வந்தாள். அவளுக்கு பில் எகிறிவிட்டது. "என் ஃபிரிட்ஜு இம்புட்டுத் திங்கும்னு இப்பத்தான் தெரியுது. ஏத்தா, ஒன் வீட்டுல பாத்த மாதிரி எங்க வீட்டுலயும் வந்து பாரு" என்றாள்.

போனேன். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தோம். ஃபிரிட்ஜ் கதவில் ஒரு செய்தித்தாள் துண்டை வைத்து மூடி, இழுத்துப் பார்த்தேன். வெண்ணெயில் கத்தி போல வழுக்கிக்கொண்டு வந்தது. கதவு ரப்பர் தளர்ந்து, உள்ளேயிருந்த குளிர்ச்சி நாள் முழுக்க வெளியே போய்க்கொண்டிருந்திருக்கிறது; எங்கள் மாசி பில் திடீரென்று ஏறியதும் இதனால்தான். ரப்பர் மடிப்புக்குள் வருஷக்கணக்கில் மாவு ஒட்டி இறுகிக் கிடந்தது. வெந்நீரில் சோப்பைக் கரைத்து, தரையில் உட்கார்ந்து இரண்டு பேரும் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தோம். அவள் மேல் பாதி, நான் கீழ்ப் பாதி. தேய்க்கத் தேய்க்க ரப்பர் மிருதுவானது. திரும்பவும் தாளை வைத்து இழுத்தாள். கொஞ்சம் பிடித்தது.

"பிடிக்குது பாரு!" என்றாள்.

"இன்னொரு தடவ தேச்சா இன்னும் பிடிக்கும்க்கா."

இரண்டு பேருக்கும் வேர்வை கழுத்தில் வழிந்தது. கதவோரம் வந்து நின்ற பெரியப்பா, தரையில் கிடந்த தாள் துண்டுகளையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஃபேனப் போட்டுக்கிட்டுத் தேச்சா என்ன? போடவா?" என்று கேட்டார்.

"போடுங்க" என்றோம்.